கணிப்பொறிக்கும் மைலேஜ் கேளுங்கள்!



வண்டி வாங்கப் போகிறவரை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நிறத்தைப் பார்ப்பார், விலையைக் கேட்பார். ஆனால் அவர் கேட்காமல் விடவே மாட்டாத கேள்வி ஒன்று உண்டு: "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" இருவர் ஏறிச் செல்லத்தக்க இந்தியாவின் முதல் மொபெட்டான டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்று தொடங்கி இன்றுவரை ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வண்டி வாங்கியவர் இருக்க மாட்டார்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி இந்த நிமிடம் எத்தனை வாட் மின்சக்தியை எடுத்துக்கொள்கிறது? அதன் பிராசஸருக்குள் எத்தனை கோர்கள் உள்ளன? அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன, எத்தனை தூங்குகின்றன?

தெரியாது என்றுதான் பெரும்பாலோர் சொல்வீர்கள். மொபெட்டுக்கு மைலேஜ் கேட்கிற நாம் கணிப்பொறிக்குக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. பள்ளிகளில் கணிப்பொறிப் பாடம் அளவெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் போதும்.

கைக்கடிகாரம் சொல்லும் பாடம்

முதலில் ஒரு சிறிய பொருளைப் பார்ப்போம். டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில்தான் இருக்கிறது. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்று பொத்தான் அளவே உள்ள ஒரு மின்கலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. எப்படி?

அதற்குள் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது ஏதோ ஓர் எண் அல்ல. இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண். ஆகவே 15 முறை பாதி பாதியாக்கிக்கொண்டே வந்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அதுவே விநாடி முள்ளை நகர்த்துகிறது. இதே வகைப் படிகம் உங்கள் கணிப்பொறியிலும் உண்டு. கணிப்பொறியை அணைத்த பிறகும் அது நேரத்தை மறக்காமல் இருப்பது இதனால்தான்.

ஆனால் கணிப்பொறியின் பிராசஸர் விநாடிக்கு 32,768 துடிப்புகளோடு நிற்பதில்லை. 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 300 கோடி துடிப்புகள். கைக்கடிகாரத்தைப் போல ஏறத்தாழ 91 ஆயிரம் மடங்கு! பொத்தான் மின்கலம் அதற்குப் போதாததில் வியப்பில்லை.

துடிப்பு கூடினால் மின்சக்தி ஏன் கூடுகிறது? பிராசஸருக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை நீர் நிரப்பிக் கொட்டும் சின்னஞ்சிறு குவளைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது குவளைகள் மின்னூட்டத்தால் நிரம்புகின்றன, காலியாகின்றன. விநாடிக்கு எத்தனை முறை நிரப்புகிறோமோ அத்தனைக்கத்தனை சக்தி செலவாகும். மின்னழுத்தத்தின் பங்கு இன்னும் பெரியது. மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் செலவு நான்கு மடங்காகும். அதாவது பிராசஸரின் மின்சக்தி துடிப்பு எண்ணுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஒரு லேத்துக்குப் பதிலாக நான்கு

துடிப்பை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? சூடு தாங்காது. இண்டெல் நிறுவனம் 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம்-4 பிராசஸரைக் கொண்டுவரும் திட்டத்தை 2004-இல் கைவிட்டது. மறு ஆண்டே, 2005-இல், மேசைக் கணிப்பொறிகளுக்கு இரண்டு கோர் கொண்ட பிராசஸர்கள் கடைக்கு வந்தன. ஒரே ஆளை ஓட ஓட விரட்டாமல், நிதானமாக வேலை செய்யும் இருவரை அமர்த்திய மாதிரி!

ஓசூர் சிப்காட் பக்கத்தில் உள்ள சிறு பட்டறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். நான்கு லேத்துகள் இருக்கின்றன. எந்த வேலையை எந்த லேத்துக்குக் கொடுப்பது என்று ஃபோர்மேன் முடிவு செய்கிறார். வேலை வராத லேத்தின் மோட்டாரை நிறுத்தி வைக்கிறார். இங்கே லேத்துதான் கோர். ஃபோர்மேன்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்.

நல்ல ஃபோர்மேன் இன்னொன்றும் அறிவார். உலை வைத்திருக்கும் பட்டறையில் ஐந்து நிமிட ஓய்வுக்காக உலையை அணைக்க மாட்டார்கள். மறுபடி சூடேற்ற ஆகும் செலவு, மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகிவிடும். கோர்களும் அப்படித்தான். அவற்றுக்கு லேசான தூக்கமும் உண்டு, ஆழ்ந்த தூக்கமும் உண்டு. ஆழ்ந்த தூக்கத்தில் மிச்சம் அதிகம், ஆனால் விழிக்க நேரமாகும். அடுத்த வேலை எப்போது வரும் என்று கெர்னல் ஊகித்து, எந்தத் தூக்கம் லாபம் என்று முடிவு செய்கிறது. இதை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்கிறது!

வேகத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை லினக்ஸில் 'கவர்னர்' என்பார்கள். டீசல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்துக்கும் இதே பெயர்தான். 'பெர்ஃபார்மன்ஸ்' என்னும் கவர்னர் எப்போதும் முழு வேகத்தை நாடும். 'பவர்சேவ்' குறைந்த வேகத்தை நாடும். 'ஆன்டிமாண்ட்', 'ஷெட்யூட்டில்' போன்றவை வேலையின் அளவைப் பார்த்து ஏற்றி இறக்கும். சில புதிய பிராசஸர்களில் இந்த முடிவின் பெரும்பகுதியைச் சில்லே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கவர்னரின் பெயரை மட்டும் பார்த்து அதன் நடத்தையைச் சொல்லிவிட முடியாது.

மெதுவாகப் போனால் மிச்சமா?

இங்கேதான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். "வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம், நான்கு கோர்களில் மூன்றை அணைத்தால் முக்கால் பங்கு மிச்சம்" என்கிறார்கள். உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வேலையை முழு வேகத்தில் செய்து முடிக்க 10 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பிராசஸர் 10 வாட் எடுக்கிறது. திரை, நினைவகம் போன்ற மற்றப் பாகங்கள் 5 வாட் எடுக்கின்றன. மொத்தம் 15 வாட். பத்து விநாடிக்கு 150 ஜூல். வேலை முடிந்ததும் கணிப்பொறியைத் தூங்க வைத்துவிடலாம்.

இப்போது துடிப்பைப் பாதியாக்குவோம். மின்னழுத்தமும் 0.8 மடங்காகக் குறைகிறது என்று கொள்வோம். முன்பு சொன்ன வாக்கியத்தை நினைவுகூருங்கள்: 0.5 × 0.8 × 0.8 = 0.32. ஆக பிராசஸருக்கு 3.2 வாட் போதும். ஆகா, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! ஆனால் அவசரப்படாதீர்கள். வேலை முடிய 20 விநாடி ஆகிறதே! அந்த 20 விநாடியும் மற்றப் பாகங்கள் 5 வாட் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. மொத்தம் 8.2 வாட், 20 விநாடிக்கு 164 ஜூல். மெதுவாகச் செய்ததால் 14 ஜூல் நஷ்டம்!

அப்படியானால் வேகமாகச் செய்வதே எப்போதும் சிறந்ததா? அதுவும் இல்லை. மற்றப் பாகங்கள் 2 வாட் மட்டுமே எடுத்தால்? வேகமான வழியில் 12 வாட் × 10 விநாடி = 120 ஜூல். மெதுவான வழியில் 5.2 வாட் × 20 விநாடி = 104 ஜூல். இப்போது மெதுவானதே லாபம்!

பார்த்தீர்களா? ஒரே பிராசஸர், ஒரே வேலை. ஆனால் விடை மாறிவிட்டது. மொபெட் ஓட்டுகிறவருக்கு இது புதிதல்ல. முறுக்கி ஓட்டினாலும் பெட்ரோல் வீணாகும். முதல் கியர் வேகத்தில் ஊர்ந்துகொண்டே போனாலும் வீணாகும். எந்த வேகத்தில் மைலேஜ் அதிகம் என்பது ஓட்டிப் பார்த்து அளந்தால்தான் தெரியும்.

கோர்களை அணைக்கும் யோசனையும் இப்படித்தான். லினக்ஸில் ஒரு கோரை முழுவதுமாக விலக்கி வைக்க வழியுண்டு. ஆனால் வேலையில்லாத கோர் ஏற்கெனவே ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தால், அதை விலக்குவதால் பெரிய மிச்சம் வராது. வேலை நிறைய இருக்கும்போது விலக்கினாலோ, மிஞ்சிய கோர்கள் நீண்ட நேரம் உழைக்க வேண்டிவரும். லாபமா நஷ்டமா என்பதை எண்கள்தான் சொல்ல வேண்டும்.

திறந்து வைத்த கணக்குப் புத்தகம்

எண்களுக்கு எங்கே போவது? லினக்ஸ் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருக்கிறது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய இந்த இயங்குதளத்தின் மூல நிரலை எவரும் படிக்கலாம். அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியின் நிலையையும் சாதாரண எழுத்துக் கோப்புகளைப் போலவே படிக்கலாம்.

முனையத்தைத் திறந்து எல்-எஸ்-சி-பி-யு என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் இடைவெளியின்றி அடியுங்கள். பிராசஸரின் பெயர், கோர்களின் எண்ணிக்கை எல்லாம் வரும். 'டாப்' என்ற கட்டளையைக் கொடுத்து, பிறகு 1 என்ற எண்ணை அழுத்துங்கள். ஒவ்வொரு கோரும் எவ்வளவு உழைக்கிறது என்பது தனித்தனி வரியாகத் தெரியும். கோர்கள் என்று நாம் பார்ப்பவற்றில் சில, ஒரே கோர் இரண்டாகத் தோன்றுபவை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

'சிஸ்' என்ற கோப்புறைக்குள் போனால் இன்னும் வியப்பு. அங்கே ஒவ்வொரு கோருக்கும் தனிக் கோப்புறை உண்டு. ஒரு கோப்பில் 800000 என்று இருக்கும். அது கிலோஹெர்ட்ஸ் கணக்கு. 800 மெகாஹெர்ட்ஸ் என்று பொருள். வெப்பநிலைக் கோப்பில் 52000 என்று இருந்தால் 52 டிகிரி செல்சியஸ். மடிக்கணினியானால் மின்கலத்துக்கும் கோப்பு உண்டு. சிலவற்றில் வாட் கணக்கை நேரடியாகவே காணலாம். சிலவற்றில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள், மின்திறன் கிடைத்துவிடும். நீங்கள் இயற்பியலில் படித்த அதே சூத்திரம்தான்! இண்டெல் நிறுவனம் 2011 முதல் தன் பிராசஸர்களுக்குள்ளேயே, செலவான ஆற்றலை எண்ணும் மானி ஒன்றையும் வைத்திருக்கிறது. அதைப் படிக்க லினக்ஸில் நிர்வாகியின் அனுமதி வேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். மடிக்கணினியின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட விடுங்கள். முதலில் எந்த வேலையும் கொடுக்காமல் திரை மங்கலாக இருக்கும்போது. அடுத்துத் திரை முழு வெளிச்சத்தில் இருக்கும்போது. பிறகு ஒரு காணொளி ஓடும்போது. கடைசியாக ஒரு பெரிய கணக்கைச் செய்யும்போது. ஒவ்வொரு நிலையிலும் ஐந்து நிமிடம், அரை நிமிடத்துக்கு ஒரு முறை வாட் அளவைக் குறித்துச் சராசரி காணுங்கள். எந்தப் பாகம் அதிகம் எடுக்கிறது என்று சோதனைக்கு முன்பே ஊகித்து எழுதி வையுங்கள். ஊகம் தவறினால் வருந்த வேண்டாம். அதற்காகத்தானே சோதனை!

ஓர் எச்சரிக்கை: படிப்பதால் எந்தக் கெடுதலும் வராது. ஆனால் கவர்னரை மாற்றுவதும் கோரை விலக்குவதும் ஆசிரியர் அனுமதியோடு, ஒரு தனிக் கணிப்பொறியில் மட்டுமே செய்ய வேண்டியவை.

சில மறுப்புகள்

"பரீட்சைக்கு வராததை ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 2018 முதல் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் இடம்பெற்றது. நல்ல தொடக்கம் அது. ஆனால் சன்னலைத் திறப்பதும் கோப்பை நகலெடுப்பதும் வண்டியின் ஆரனை அழுத்திப் பார்ப்பது போலத்தான். எஞ்சினைப் பார்ப்பது எப்போது?

"கருவி எங்கே இருக்கிறது?" என்பது இரண்டாவது மறுப்பு. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணனோ அக்காளோ வாங்கிய பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தால், அதுவே இந்தச் சோதனைக்குப் போதும்.

"விண்டோஸிலும் கோர்களின் உழைப்பைப் பார்க்கலாமே?" என்பது மூன்றாவது. பார்க்கலாம், மறுக்கவில்லை. எதில் பார்த்தாலும் நல்லதே. ஆனால் லினக்ஸில் அந்த எண் எப்படி வந்தது என்று பின்தொடர்ந்து போய், அதை எழுதிய நிரல் வரிவரை படிக்கலாம். கற்கிறவருக்கு அந்தச் சுதந்தரம் வேண்டும்.

"இத்தனையும் செய்து எவ்வளவு மிச்சம் வந்துவிடும்?" என்பது நான்காவது, நியாயமான கேள்வி. 20 கணிப்பொறிகள், ஒவ்வொன்றும் 60 வாட், நாளுக்கு 3 மணி நேரம் யாரும் தொடாமல் ஓடுகின்றன என்று கொள்வோம். நாளுக்கு 3.6 யூனிட். 200 நாளில் 720 யூனிட்! இங்கே கவர்னரைத் திருகுவதைவிட, வேலையில்லாதபோது கணிப்பொறியைத் தூங்க வைப்பதே பெரிய மிச்சம். எங்கே கை வைத்தால் பலன் அதிகம் என்பதை இந்த எளிய கணக்கே காட்டிவிடுகிறது. உங்கள் பள்ளியின் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள்.

அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம்

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஓசூரில் 2021 முதல் ஏத்தர் நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. அதன் 450 எக்ஸ் வண்டி 2020-இல் வந்தபோதே, தொடுதிரைக்குப் பின்னால் நான்கு கோர் பிராசஸர் ஒன்றும், ஆண்ட்ராய்டு அடிப்படையிலான மென்பொருளும் இருந்தன. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல்தான். நிறுத்தி வைத்த வண்டியில் இத்தகைய பிராசஸர் தூங்காமல் விழித்தே கிடந்தால், ஓட்டாமலே மின்கலம் கரையும். ஆக, கோர்களை எப்போது எழுப்புவது, எப்போது தூங்க வைப்பது என்னும் கேள்வி இன்று ஓசூர் வாகனத் தொழிலின் கேள்வியும் ஆகிவிட்டது.

இந்தக் கேள்விக்கு விடை எழுதுவோர் எங்கோ இருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கோர்களைச் சேர்க்கவும் நீக்கவும் வழிசெய்யும் லினக்ஸ் பகுதியில், பெங்களூர் ஐ.பி.எம். லினக்ஸ் மையத்தின் பொறியாளர்கள் உழைத்திருக்கிறார்கள். துடிப்பு எண்ணை ஏற்றி இறக்கும் பகுதியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர்களில் ஒருவர் விரேஷ் குமார் என்னும் இந்தியப் பொறியாளர். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' பிராசஸரில் 2018-இல் லினக்ஸ் ஓடியது.

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளியை அடைந்தால் கர்நாடகம். காலையில் இந்த எல்லையைக் கடந்து எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள்; அங்கிருந்து இங்கேயும் வருகிறார்கள். பொருளைப் பூட்டுவது மதிப்புமிக்க வேலை. அதில் குறைவு ஏதுமில்லை. ஆனால் பூட்டுவது இங்கே, சிந்திப்பது அங்கே என்று ஒரு கோடு விழுந்துவிடக் கூடாது. பூட்டுகிற பிள்ளைக்கும் அதன் உள்ளே நடப்பது தெரிய வேண்டும். அப்போதுதான், "இந்தச் சில்லு ஏன் தூங்க மறுக்கிறது?" என்று கேட்கும் தைரியம் வரும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரை எந்தத் தொழிற்சாலையும் தேடும்.

இதற்காகப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ஆண்டுக்கு இரண்டே இரண்டு பாடவேளை போதும் என்று நான் எண்ணுகிறேன். ஒன்று, ஆய்வகக் கணிப்பொறிகளை அளக்க. மற்றொன்று, அளந்ததைப் பற்றி விவாதிக்க. இயற்பியல் ஆசிரியரும் கணிப்பொறி ஆசிரியரும் சேர்ந்தே அந்த வகுப்பை நடத்தலாம்.

நாளை ஆய்வகத்துக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு போங்கள். தேதி, கோர்களின் எண்ணிக்கை, துடிப்பு எண், வெப்பநிலை, வாட் என்று ஐந்து பத்திகள் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் கேளுங்கள்: "ஐயா, இந்தக் கணிப்பொறி என்ன மைலேஜ் கொடுக்கிறது?" அவருக்கும் விடை தெரியவில்லை என்றால் இன்னும் நல்லது. இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம் அல்லவா?